முரசு கேட்காத மண்டபம்

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே மடவார் வளாகம். தீராத வயிற்றுவலியோடு வந்த திருமலை நாயக்கர், இங்குள்ள வைத்தியநாத சுவாமி சந்நிதியில் குணமானார் என்பது கோயில் வழக்கு. அதன்பிறகு இங்கே உச்சிக்கால பூஜை முடிந்த சேதி வந்த பின்புதான் மதுரையில் அவர் சாப்பிட உட்காருவாராம். சேதி போக வழிநெடுக மண்டபங்கள், ஒவ்வொன்றிலும் நகரா முரசு. ஒன்றின் முழக்கம் கேட்டு அடுத்தது முழங்கும். நடுவில் ஒரு மண்டபத்துக்காரருக்குக் காது கேட்காவிட்டால், முந்தைய முரசை எத்தனை ஓங்கி அடித்தும் பயனில்லை.

நம் நோய் எதிர்ப்பும் இப்படித்தான் நடக்கிறது. செல்கள் ஒன்றுக்கொன்று அனுப்பும் சேதி, சைட்டோகைன் என்னும் புரதம். அதைக் கேட்கும் காது, செல்லின் மேற்பரப்பில் இருக்கும் ஏற்பி.

போன வாரம் கிண்டியில் நிறுத்தியிருந்தோம். 1948-ல் அங்கே தொடங்கிய ஆய்வுக்கூடம் பி.சி.ஜி. தடுப்பூசியைத் தயாரித்து நாடெங்கும் அனுப்பியது. பிறந்த குழந்தையின் தோளில் போடும் அந்த ஊசியில் இருப்பது வலுவிழந்த, ஆனால் உயிருள்ள கிருமி. அதை விழுங்கிய மேக்ரோபேஜ் செல் ‘இன்டர்லூகின்-12’ என்று முழங்கும். டி செல் அதைக் கேட்டு ‘இன்டர்ஃபெரான் காமா’ என்று திருப்பி முழங்கும். அது காதில் விழுந்த பிறகே, விழுங்கிய செல் உள்ளே கிடக்கும் கிருமியை முழு வேகத்தில் கொல்லும். கோடானுகோடிக் குழந்தைகளுக்குத் தோளில் ஒரு தழும்போடு விஷயம் முடிந்துவிடுகிறது. வெகு சிலருக்கு மட்டும் ஊசிக் கிருமியே உடம்பெங்கும் பரவியது. 1996-ல் ஒரு காரணம் தெரிந்தது. பி.சி.ஜி. போட்ட ஒரு துனீசியக் குழந்தைக்கும், அதே வகைக் கிருமிகளால் அவதிப்பட்ட மால்டா நாட்டுப் பிள்ளைகளுக்கும் இன்டர்ஃபெரான் காமா ஏற்பி பழுதாகியிருந்தது.

அதற்கு மூன்று ஆண்டு முன்பே இன்னொரு ஏற்பியின் கதை வெளிவந்திருந்தது. அமெரிக்காவில் 1971-ல் பிறந்த டேவிட் வெட்டர், பிளாஸ்டிக் கூடாரத்துக்குள்ளேயே வளர்ந்து 1984-ல் இறந்த சிறுவன். அவனைக் கொன்ற நோயின் மரபணு 1993-ல்தான் பிடிபட்டது. ஆறு இன்டர்லூகின்களுக்குப் பொதுவான ஏற்பித் துண்டு அது. அது இல்லாமல் டி செல்கள் வளர்வதே இல்லை.

படை வளர்ந்தால் போதாது, அடங்கவும் வேண்டும். இன்டர்லூகின்-2 ஏற்பியின் ஒரு துண்டை மிகுதியாகத் தாங்கிய டி செல்களே மற்றவற்றைக் கட்டுப்படுத்துகின்றன என்று 1995-ல் ஜப்பானின் ஷிமோன் சகாகுச்சி எலிகளில் காட்டினார். அவற்றை நீக்கினால் உடம்பு தன்னையே தாக்கும். 2025-ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட மூவரில் அவரும் ஒருவர்.

இதை இந்தத் தொடரில் நான் எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. நம் பக்கம் மாமன் மகள், அத்தை மகன், அக்காள் மகள் என்று சொந்தத்தில் முடிக்கும் கல்யாணங்கள் இன்னும் உண்டு. தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் ஒரே பழுது பிள்ளைக்கு வந்து சேரும் வாய்ப்பு அங்கே கூடுதல். கைக்குழந்தை ஓயாத தொற்றில் இறந்த வீடுகளில், ‘பிள்ளை தங்கவில்லை’ என்று பேச்சை முடித்துவிடுகிறார்கள். அப்படி நிறுத்திவிடாதீர்கள். அடுத்த பிள்ளைக்கு பி.சி.ஜி. போடுமுன் டாக்டரிடம் அதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

இன்டர்லூகின்-12 ஏற்பியில் மட்டும் பழுது என்றால், இன்டர்ஃபெரான் காமாவையே ஊசியாகக் கொடுக்கலாம். இன்டர்ஃபெரான் ஏற்பியே அறவே இல்லாத குழந்தைக்கு அந்த ஊசி பலிக்காது. எலும்பு மஜ்ஜை மாற்றுதான் வழி. வேலூர் சி.எம்.சி.யில் எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை 1986-ல் தொடங்கியது. அடுத்த வாரம் அங்கே போவோம்.