கமகமும் காந்தமும்

சென்னைச் சங்கீத ரஸிகரைப் போலச் சம்பிரதாயத்தைக் கட்டிக்கொண்டு மன்றாடுகிறவரும் கிடையாது. அவரைப் போலச் சட்டென்று மனம் இளகிவிடுகிறவரும் கிடையாது. "இதெல்லாம் கச்சேரி வாத்தியமா, ஸார்?" என்று காலையில் மயிலாப்பூர்க் குளக்கரையில் கேட்டுவிட்டு, மாலையில் அதே வாத்தியத்துக்கு முன்வரிசையில் இடம் பிடிக்க ஓடுவார். பிடிலுக்கும் ஒரு காலத்தில் இந்தக் கேள்விதான் கிடைத்திருக்க வேண்டும். முத்துஸ்வாமி தீக்ஷிதரின் தம்பி பாலுஸ்வாமி தீக்ஷிதர் அதை மணலியில் ஓர் ஐரோப்பியரிடம் கற்றுக்கொண்டு ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் ஆகின்றன. இன்றோ, பிடில் இல்லாத கச்சேரியைத்தான் நாம் விநோதமாகப் பார்க்கிறோம்.

1981-இல் இந்தியன் ஃபைன் ஆர்ட்ஸ் ஸொஸைட்டியின் மேடையில் 12 வயதுப் பையன் ஒருவன் மாண்டலினோடு வந்து உட்கார்ந்தான். ஆந்திர தேசத்துப் பாலகொல்லு அவன் ஊர். உப்பலப்பு ஸ்ரீநிவாஸ் அவன் பெயர். அவனுக்குக் கற்பித்த ருத்ரராஜு சுப்பராஜு, செம்பை வைத்தியநாத பாகவதரின் சிஷ்யர். சுப்பராஜுவுக்கு மாண்டலின் வாசிக்கத் தெரியாது என்பதுதான் வேடிக்கை. அவர் பாடுவார், பையன் அதைத் தந்தியில் தேடிப் பிடிப்பான். வாத்தியத்தின் பழக்கவழக்கங்கள் குறுக்கே வராமல், வாய்ப்பாட்டு நேராக விரலுக்குப் போய்ச் சேர்ந்த கதை இது.

மாண்டலினைச் சந்தேகித்தவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். அதில் எட்டுத் தந்திகள், ஜோடி ஜோடியாக. தட்டினால் கணீரென்று பேசும். அடுத்த கணமே செத்துப்போகும். இத்தாலிக்காரர்கள் ஒரே ஸ்வரத்தைப் படபடவென்று திரும்பத் திரும்பத் தட்டுவது அதனால்தான். நம் தோடிக்கு அது எந்த மூலைக்கு? தோடியின் காந்தாரம் நின்ற இடத்தில் நிற்காது. ரிஷபத்துக்கும் மத்யமத்துக்கும் நடுவே ஊஞ்சலாடும். விரல் தந்தியை இழுத்து முடிக்கிற வரையில் நாதம் உயிரோடு இருக்க வேண்டாமா? தவிர, ஜோடித் தந்திகளைச் சேர்த்துப் பக்கவாட்டில் இழுத்தால் இரண்டும் ஒரே அளவு ஏறுவதும் இல்லை, சுருதி கலைந்துவிடும்.

ஸ்ரீநிவாஸ் இரண்டுக்கும் வழி கண்டார். ஜோடிகளை எடுத்துவிட்டு ஐந்து ஒற்றைத் தந்திகள் வைத்துக்கொண்டார். வாத்தியத்தையும் மின்சார மாண்டலினாக மாற்றிக்கொண்டார். 1983-இல் மேற்கு பெர்லின் ஜாஸ் விழாவிலும், பிற்பாடு உலகமெங்கும் கேட்டது அந்த நாதம்தான். 1998-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. 2014 செப்டம்பரில், 45 வயதில், சென்னையில் அவர் மறைந்தபோது, "இது கச்சேரி வாத்தியமா?" என்று கேட்க ஒருவரும் மிச்சமில்லை.

மின்சாரம் என்றதும் சத்தம் என்றே பலர் நினைக்கிறார்கள். சத்தத்துக்கு மைக்கே போதும். விஷயம் வேறு. குடைந்த உடல் கொண்ட வாத்தியம் ஓர் ஊதாரி: தந்தியின் துடிப்பை வாங்கி, அந்த நிமிஷமே ஒலியாகச் செலவழித்துவிடும். உள்ளே குடைவில்லாத முழுக்கட்டையோ பரம லோபி. தந்தியிடமிருந்து அதிகம் வாங்காது, வெளியே கொடுக்கவும் கொடுக்காது. தந்தி பாட்டுக்குத் துடித்துக்கொண்டே இருக்கும். அந்தத் துடிப்பைக் காதுக்குக் கொண்டுவருவதுதான் 'பிக்கப்' என்கிற சின்னப் பெட்டி. ஒரு காந்தம், அதைச் சுற்றி ஆயிரக்கணக்கான சுற்றுச் செப்புக் கம்பி. மேலே எஃகுத் தந்தி ஆடினால் கம்பியில் மின்சாரம் ஓடும். எஃகுதான் வேண்டும். நம் வீணையின் பித்தளைத் தந்தியை அது லட்சியமே செய்யாது. வைணிகர்களில் சிலர் உடம்பில் ஒட்டும் கான்டாக்ட் மைக்கை வைத்துக்கொண்டார்கள்.

அமெரிக்காவில் இதைக் கண்டுபிடித்தவர்களுக்கு வேண்டியிருந்தது நிஜமாகவே சத்தம்தான். ஹவாய் கிதார் வாசித்த ஜார்ஜ் பீச்சம், வாத்தியக் கோஷ்டியில் தம் கிதார் எடுபடவில்லையே என்று தவித்து, 1931-இல் வாணலி போன்ற ஒரு கிதாரைச் செய்வித்தார். ரேடியோ ரிப்பேர்க்காரரான லியோ ஃபெண்டர் 1950-இல் முழுக்கட்டைக் கிதாரைக் கடைக்குக் கொண்டுவந்தார். அவர்கள் சத்தத்துக்காகச் செய்ததை நாம் நீளத்துக்காக எடுத்துக்கொண்டோம்.

கூடவே ஒரு சனியனும் வந்தது: இரைச்சல். கம்பிச் சுருள் தந்தியை மட்டுமா கேட்கிறது? விளக்கு, விசிறி, மேடை ஒயர் எல்லாவற்றையும் கேட்டு 'ம்ம்ம்' என்று முனகும். நம் மின்சாரம் விநாடிக்கு 50 தடவை துடிக்கிறது. பாடகரின் சுருதியைப் பற்றி அதற்குக் கவலையில்லை. சுருதி சேராத இன்னொரு தம்பூராவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஆலாபனை செய்வது போலத்தான். கிப்ஸன் கம்பெனியின் ஸெத் லவர், 1955-இல், இரண்டு சுருள்களை எதிரெதிராக வைத்து ஒன்றின் முனகலை மற்றொன்றால் அடிக்கச் செய்தார். அப்புறம் 1976-இல், கலிபோர்னியாவின் லாங் பீச்சில், ராப் டர்னர் என்பவர் பிற்பாடு ஈ.எம்.ஜி. என்று பெயர்பெற்ற கம்பெனியைத் தொடங்கினார். 'ஆக்டிவ்' பிக்கப்பைப் பிரபலமாக்கியது அதுதான். சுற்றுகளைக் குறைத்து, அதனால் குறைந்த ஒலியை உள்ளேயே ஒரு சிறு மின்சுற்றால் பெருக்கி அனுப்புவது அதன் தந்திரம். 9 வோல்ட் பாட்டரி ஒன்று வேண்டும். முனகல் வெகுவாகக் குறைந்தது. நீண்ட ஒயரில் போனாலும் மேல் ஸ்தாயியின் பளபளப்பு மங்கவில்லை.

இன்றைக்கு அடையாற்றிலோ தியாகராய நகரிலோ ஒரு பிள்ளை கிதாரில் கல்யாணி வாசிக்க ஆசைப்பட்டால் யாரும் திகைப்பதில்லை. சென்னை ஐ.ஐ.டி.யில் கப்பல் கட்டும் சாஸ்திரம் படித்த பிரசன்னா, மின்சாரக் கிதாரில் கர்நாடக சங்கீதம் வாசித்துப் பேர் வாங்கிவிட்டார். ஆனால் கடைக்காரரிடம் போனால் அந்தப் பிள்ளை கேட்பது, "எதில் பவர் ஜாஸ்தி?" என்றுதான். கேட்க வேண்டியது வேறு. பலத்த காந்தம் தந்திக்கு மிக அருகில் இருந்தால் அதைப் பிடித்து இழுக்கும். நாதம் சீக்கிரம் தேயும், சுருதியும் நடுங்கும். ஆக்டிவ் ரகத்தில் காந்தத்தின் பிடி பொதுவாக இளக்கமானது. இன்னொன்று: சில பிக்கப்புகளில் ஒவ்வொரு தந்திக்கும் கீழே ஒவ்வொரு காந்தக் குமிழ் இருக்கும். கமகத்துக்காகத் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்தால் அது குமிழை விட்டு நகர்ந்து, காந்தாரத்தின் நடுவே ஒலி சற்றே குழிந்துவிடும். குறுக்கே ஒரே பட்டையாகக் காந்தம் வைத்தவற்றில் அந்தக் குழி இல்லை. ஈ.எம்.ஜி.யின் பெயர்பெற்ற 81, 85 என்ற இரண்டும் பட்டைக் காந்தம்தான்.

இவ்வளவும் ஆக்டிவ் பக்கம். என் ஓட்டும் அந்தப் பக்கமே. ஆனால் பிரதிவாதி சொல்வதிலும் உண்மையுண்டு. மெல்லத் தொட்டதையும் ஓங்கி அடித்ததையும் அது கொஞ்சம் சமன்செய்துவிடுகிறது. சஹானாவைக் காதோடு பேசுவது போல வாசிக்கிறவருக்கு இந்தச் சமத்துவம் பிடிக்காது. அவர் பழைய ரகத்தையே வைத்துக்கொண்டு முனகலோடு மல்லுக்கட்டுவார். கட்டட்டும். ஆக்டிவ் வாங்கியவருக்கு ஒரு வேலை கூடுதல்: கச்சேரி முடிந்ததும் கிதாரிலிருந்து ஒயரைக் கழற்றிவிட வேண்டும். செருகியபடியே விட்டால் பாட்டரி இரவெல்லாம் கரைந்துகொண்டிருக்கும். மறுநாள் மேடையில் வர்ணம் முடிவதற்குள் ஒலி கரகரக்கத் தொடங்கும்.