இணையர் ஆற்றுப்படுத்தல்

கணவன் மனைவியோ காதலரோ தமக்குள் மூண்ட பிணக்கைத் தாமாகத் தீர்க்க இயலாதபோது, பயிற்சி பெற்ற மூன்றாமவர் ஒருவர் முன் அமர்ந்து பேசித் தெளியும் முறை இணையர் ஆற்றுப்படுத்தல் எனப்படும். தமிழ்நாட்டுப் பேச்சில் ‘கவுன்சலிங்’ என்பதே வழக்கு. ஈழத்தமிழர் ஆற்றுப்படுத்தல், உளவளத்துணை என்னும் சொற்களை ஆள்வர். தொழில் என்ற அளவில் இது இருபதாம் நூற்றாண்டினது. ஆனால் பிணக்கின் நடுவே ஒருவர் புகுந்து தணிக்கும் வழக்கம், தமிழில் இலக்கணமே வகுக்கப்பட்ட அளவுக்குப் பழையது.

பெயர்

ஆறு என்பது வழி. ஆற்றுப்படுத்தல் வழியிற் செலுத்துதல். பரிசில் பெற்று மீளும் கலைஞர், வறுமையோடு எதிர்ப்படும் கலைஞருக்கு வள்ளலின் ஊரையும் அதற்குச் செல்லும் வழியையும் சொல்லுவது ஆற்றுப்படை இலக்கியம். பத்துப்பாட்டில் ஒன்றான மலைபடுகடாம், கூத்தராற்றுப்படை என்னும் மறுபெயர் உடையது. 583 அடி கொண்ட இந்நூலைப் பெருங்கௌசிகனார், பல்குன்றக் கோட்டத்துச் செங்கண்மாவை ஆண்ட நன்னன் மீது பாடினார். செங்கண்மா இன்றைய செங்கம். நூலில் வரும் சேயாறு, கலசப்பாக்கத்தை ஒட்டி ஓடும் செய்யாறு. நவிரமலை, கலசப்பாக்கம் வட்டத்தில் உள்ள பர்வதமலை. கூத்தனுக்கு வழி சொல்பவன் எங்கே வழுக்கும், எங்கே இளைப்பாறலாம் என்றெல்லாம் விரிவாக எடுத்துரைக்கிறான். ஆனால் உடன் நடப்பதில்லை. இன்றைய ஆற்றுப்படுத்துநரின் எல்லையும் இதுவே.

பழைய வகைப்பாடு

அகப்பொருள் இலக்கணம் ஊடலை நோயாகக் கொள்ளவில்லை. மருதத் திணையின் உரிப்பொருளே ஊடலும் ஊடல் நிமித்தமும் ஆகும். ஐங்குறுநூற்றின் மருதப் பகுதியில் ஓரம்போகியார் பாடிய நூறு பாடல்களும் கலித்தொகையில் மருதன் இளநாகனார் பாடிய மருதக்கலியும் இப்பொருளுக்குப் பெரிய களஞ்சியம்.

பிணக்கின் அளவுக்கு ஏற்பப் பெயரும் வேறுபடும். திருக்குறள் உரையில் பரிமேலழகர் புலவியை இளைய கலாம் என்றும் துனியை முதிர்ந்த கலாம் என்றும் பிரிக்கிறார். இவ்விரண்டும் இல்லாத காமத்தை வள்ளுவர் அளவு மீறிப் பழுத்த கனிக்கும் முற்றாத காய்க்கும் ஒப்பிட்டார். ஊடல் உணவில் உப்புப் போல அளவோடு இருக்கவேண்டும், சற்று நீட்டித்தாலும் உப்பு மிகுந்ததாகிவிடும் என்பதும் அவர் கருத்து. 1330 குறட்பாக்களும் முடியும் இடம் ஊடலுவகை என்னும் 133-ஆம் அதிகாரமே. அதற்கு முந்திய இரண்டு அதிகாரங்கள் புலவி, புலவி நுணுக்கம்.

தணிப்போருக்கு வாயில் என்று பெயர். தொல்காப்பியக் கற்பியல் பன்னிரண்டு வாயில்களைக் கூறுகிறது. இவர்களை நான்கு கூட்டமாக அடக்கலாம். வீட்டைச் சேர்ந்தவர் தோழி, தாய், ஏவல் செய்யும் இளையர். தலைவனின் பழக்கத்தார் பாங்கன், பார்ப்பான். கலைஞர் பாணன், பாடினி, கூத்தர், விறலியர். வெளியார் விருந்தினர், அறிவர், கண்டோர். இவர்களுள் விருந்தினர் வேலை செய்யும் விதம் தனி. வந்தவர் எதுவும் பேசவேண்டியதில்லை. விருந்து வந்த வீட்டில் முகம் திருப்பிக்கொள்ள இயலாது என்பதால் ஊடல் தானே அடங்கும்; தலைவனும் விருந்தோடு சேர்ந்து உள்ளே வந்துவிடுவான்.

வாயிலுக்கு இசைவது வாயில் நேர்தல். இசையாமை வாயில் மறுத்தல். மறுக்கும் உரிமை தலைவிக்கு இருந்தது; அவள் சார்பில் தோழியும் மறுத்தாள். ஆயினும் பாடல்களில் வாயில்கள் பெரும்பாலும் தலைவன் பொருட்டே வருகிறார்கள். பிணக்குக்குக் காரணம் அவனது பரத்தையிற் பிரிவு, அதாவது அவன் பரத்தையை நாடிப் பிரிதல். தணியவேண்டியவளோ தலைவி. முறை நுட்பமானது; தராசு மட்டும் ஒரு பக்கம் சாய்ந்தது.

பேகன் வழக்கு

இந்தச் சாய்வுக்கு விலக்காக நிற்பது புறநானூற்றின் 143 முதல் 147 வரையான ஐந்து பாடல்கள். மயிலுக்குப் போர்வை ஈந்த வள்ளல் பேகன், மனைவி கண்ணகியைப் பிரிந்து வேறொருத்தியுடன் வாழ்ந்தான். (இவள் சிலப்பதிகாரக் கண்ணகியின் வேறானவள்.) கபிலர், பரணர், அரிசில்கிழார், பெருங்குன்றூர்கிழார் என நால்வர் அவனிடம் சென்றனர். பரணர் மட்டும் இரண்டு பாடல் பாடினார். கண்ணீர் விட்டு நின்ற பெண்ணைத் தாம் கண்டதாகச் சொல்லி, அவள் யாரோ என்று அறியாதவர் போலக் கேட்பது ஒரு முறை. பசித்து வரவில்லை, பரிசிலும் வேண்டாம், நீ தேரேறிச் சென்று அவள் துயர் களைவதே எமக்குப் பரிசில் என்பது மற்றொரு முறை. மயிலுக்கு இரங்கிய அவனது அருளையும் அவனுக்கு நினைவூட்டுகிறார்கள். மனைவி பக்கம் நின்று கணவனிடம் பேசிய மூன்றாமவரின் பதிவு என்ற வகையில் இது இத்துறையின் தொடக்க ஆவணம். பேகன் திரும்பினானா என்பதைப் பாடல்கள் சொல்லவில்லை.

கோயில் மரபு

பெரியபுராணத்தில் வாயிலாக வருபவர் சிவபெருமானே. திருவொற்றியூரில் சங்கிலியாரை மணந்த சுந்தரரை அவர் முதல் மனைவியான திருவாரூர்ப் பரவையார் ஏற்க மறுத்தபோது, இறைவர் நள்ளிரவில் இருமுறை தூது நடந்தார். முதன்முறை அர்ச்சகர் வடிவில் சென்று மறுக்கப்பட்டார்; இரண்டாம் முறை தம் வடிவிலேயே சென்றபின் கதவு திறந்தது.

திருவண்ணாமலையில் தை 2-ஆம் நாள், மாட்டுப் பொங்கலன்று, திருவூடல் விழா நடக்கிறது. அம்மையை விடுத்துச் சிவனை மட்டுமே வணங்கிய பிருங்கி முனிவருக்கு இறைவன் அருள முற்பட்டதே பிணக்கின் காரணம். திருவூடல் வீதியில் ஊடல் நிகழ, உண்ணாமுலையம்மன் தனியே கோயிலுக்குத் திரும்பிக் கதவடைப்பார். அண்ணாமலையார் வெளியே இரவு தங்கி, மறுநாள் மலையை வலம் வந்து, பிருங்கிக்கு அருளிய பின் திரும்புவார். அப்போது நடப்பது மறுவூடல். வைணவ மரபில் இதற்கு இணை, திருவரங்கத்துப் பங்குனி உத்திரத்தின் மட்டையடி என்னும் ஊடல் நிகழ்ச்சி. அங்கே நம்மாழ்வார் நடுவராகிறார்.

வட்டாரச் சூழல்

ஆரணிப் பட்டு நெசவு பரவிய திருவண்ணாமலைப் பகுதியில் குடும்பமே தொழிற்கூடம். கணவன் தறியில் இறங்கினால், மனைவி தார் சுற்றுவதும் இழை சேர்ப்பதும் பாவு வேலைக்குக் கை கொடுப்பதும் வழக்கம். கூலி சேலைக் கணக்கில் வருகிறது. அதில் அவள் உழைப்புக்குத் தனிக் கணக்கு இல்லை. முதலாளியிடம் வாங்கிய முன்பணம், குடி, மாமியார் மருமகள் இழுபறி, நாள் முழுவதும் ஒரே கூரையடியில் இருக்கும் நெருக்கம் ஆகியவை பிணக்கின் வழக்கமான காரணங்கள். முன்பு இவற்றைத் தாய்மாமனும் பங்காளிகளும் ஊர்ப் பெரியவர்களும் திண்ணையில் வைத்துப் பேசினர். பெண்ணைச் சேர்த்து அனுப்புவதே அவர்களுக்குத் தீர்வு.

புதிய முறை

1930-இல் பால் போபனோ லாஸ் ஏஞ்சலசில் குடும்ப உறவு நிறுவனத்தைத் தொடங்கினார். பிரிட்டனில் திருமண வழிகாட்டு மன்றம் 1938-இல் தோன்றியது. 1980-களில் சூ ஜான்சனும் லெஸ்லி கிரீன்பெர்க்கும் உணர்வை மையமாகக் கொண்ட சிகிச்சையை வகுத்தனர். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஜான் காட்மன் இணையரின் உரையாடலைப் பதிவுசெய்து ஆராய்ந்து, உறவை அரிப்பவை நான்கு என்றார்: ஆளையே குறை சொல்லல், இளக்காரம், தற்காப்பு, வாய் மூடிக் கல்லாய் இருத்தல். இவற்றுள் கொடியது இளக்காரம். நிலையான இணையரிடம் பிணக்கின்போதுகூட ஒரு கசப்புக்கு ஐந்து இனிமை இருக்கிறது என்பது அவர் கணக்கு. வள்ளுவர் சொன்ன உப்பின் அளவை எண்ணால் சொன்னது போல.

பொதுவாக முதல் அமர்வில் இருவரும் சேர்ந்து வருவர். பிறகு ஒவ்வொருவரிடமும் தனியே பேச்சு. பின் மீண்டும் சேர்ந்த அமர்வுகள். ஒருவர் சொன்னதை மற்றவர் தம் வாயால் திரும்பச் சொன்ன பின்பே பதில் சொல்லவேண்டும் என்பது பரவலான பயிற்சி. வாயிலுக்கும் ஆற்றுப்படுத்துநருக்கும் உள்ள வேறுபாடு பக்கம் சாராமையே. அடி உதை உள்ள வீட்டில் இருவரையும் சேர்த்து உட்காரவைப்பது தவறு. அங்கே முதல் வேலை பாதுகாப்பு.

சட்டமும் இன்றைய நிலையும்

குடும்ப நீதிமன்றச் சட்டம் (1984) சமரச முயற்சியை நீதிமன்றத்தின் கடமையாக்கி, ஆற்றுப்படுத்துநரை அமர்த்தவும் வழி செய்தது. இசைவு மணமுறிவுக்கான ஆறு மாதக் காத்திருப்பைத் தக்க வழக்கில் தளர்த்தலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017-இல் தீர்ப்பளித்தது. குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் 2005-இல் நிறைவேறியது. தமிழ்நாட்டின் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் 1992-இல் சென்னை ஆயிரம் விளக்கில் திறக்கப்பட்டது. சிற்றூர்ப் பெண்கள் பலருக்கு அத்தகைய நிலையத்துப் பெஞ்சே கவுன்சலிங் அறை. மகளிர் உதவி எண் 181, மனநல உதவி எண் 14416 ஆகியவை தமிழிலும் இயங்குகின்றன. பயிற்சி பெற்றோர் பெருநகரங்களிலேயே மிகுதி. தாலுகா ஊர்களில் மூன்றாமவர் இடத்தில் இன்றும் அமர்வோர் பெரும்பாலும் உறவினரே.