வேலி என்றால் எந்த வேலி?

வெள்ளவத்தையில் அடுக்குமாடியில் வளரும் என் அக்காவின் மகள், 'பென்சிங்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு 'வாள்வீச்சு' என்று எழுதி வைத்திருந்தாள். பிழையில்லை. டோக்கியோ ஒலிம்பிக்கில் சென்னையின் பவானி தேவி ஆடியது அந்த விளையாட்டுத்தான். ஆங்கிலத்தில் வேலியடைப்பதற்கும் அதே சொல். இரண்டுமே 'தற்காப்பு' என்ற சொல் குறுகி வந்தவை.

தமிழில் 'வேலி'யின் கதை வேறு. தஞ்சாவூர்ப் பக்கம் அது நில அளவு. இருபது மா ஒரு வேலி, ஆறரை ஏக்கருக்குச் சற்று மேல். நாங்களோ காணியைப் பரப்பில் அளப்பவர்கள். எங்களுக்கு வேலி என்றால் அடைப்பதுதான். பூவரசு, கிளுவை, முள்முருக்குக் கதியால்களை வரிசையாக நட்டு, கிடுகாலோ பனையோலையாலோ அடைப்பார்கள். கிடுகு உக்கிவிடும், மாற்றவேண்டும். கதியால் வேர்விட்டுத் தழைக்கும், குழை ஆட்டுக்கும் தோட்டத்துக்கும் போகும். கதியால் ஒரு சாண் நகர்ந்தால் வழக்கு கோடு வரை போகும் (எங்கள் சனத்தின் வேலிச் சண்டையைப் பற்றிச் சொல்லவா வேண்டும்!). ஆனால் அதே வேலியில் ஒரு பொட்டும் இருக்கும். கறிச்சட்டியும் ஊர்க்கதையும் அதற்குள்ளால்தான் போய்வரும்.

பிறகு வந்தது முள்ளுக்கம்பி. 1990 ஜூனில் வலிகாமம் வடக்கு இடம்பெயர்ந்தது, காணிகள் உயர் பாதுகாப்பு வலயமாயின. 2009 இல் வன்னியிலிருந்து வந்த ஏறத்தாழ மூன்று இலட்சம் பேர் கம்பிக்குள் வைக்கப்பட்டார்கள். அதற்கு அரசாங்கம் வைத்த பெயர் நலன்புரி நிலையம். அவற்றில் பெரியதான மெனிக் பாம் 2012 செப்டெம்பரில்தான் மூடப்பட்டது. அந்த வேலியில் பொட்டு இல்லை.

கொட்டாஞ்சேனையில் வாடகைக்கு இருக்கும் வலிகாமம் வடக்கு அம்மா ஒருவர், காணி விடுபட்டதாகக் கேள்விப்பட்டு உறுதியோடு ஊருக்குப் போனார். வீடு இல்லை, கிணறு தூர்ந்து கிடந்தது. உறுதியில் எல்லையாக எழுதியிருப்பது அயலவர் பெயர்கள். ஒருவர் செத்துப்போனார், மற்றவர்கள் வெளிநாட்டில். கடைசியில் எல்லையைக் காட்டிக்கொடுத்தது ஒரே நேராக நின்ற பூவரசுகள். தகப்பன் நட்ட கதியால்கள், ஆள் கட்டிப்பிடிக்கும் அளவுக்குப் பருத்திருந்தனவாம்.

"எத்தனை மரம், அம்மா?" என்று கேட்டேன்.

"இந்தப் பக்கம் ஏழு, தம்பி. மிச்சம் நாலும் முள்ளுக்கம்பிக்கு அங்கால. எட்டிப் பார்த்தாத் தெரியுது."