வாசல் பந்தலிலே இருந்த தாய்க்கொடி

பிரான்ஸ் தேசத்துத் திராட்சைக் கொடி ஒன்றின் பூர்வீகத்தை இன்னிக்குச் சொல்லப் போறேன்.

சிவப்பு ஒயினுக்காக அந்த நாட்டிலே அதிகமாகப் பயிராவது மெர்லோ என்கிற ரகம். போர்தோ பக்கத்திலே 1784-ம் வருஷக் குறிப்பிலேயே அதன் பேர் இருக்கிறது. மால்பெக் என்று இன்னொரு ரகம். பிரான்ஸிலிருந்து அர்ஜென்டினாவுக்குப் போய் அங்கே பேர் வாங்கிவிட்டது. ஆனால் இந்த இரண்டுக்கும் தாய் எது? வெகுகாலம் யாருக்கும் தெரியவில்லை.

அதற்குக் காரணம் உண்டு. திராட்சையைக் குச்சி வெட்டித்தான் நடுவார்கள். நூறு வருஷமானாலும் ரகம் மாறாது. விதை முளைத்தால்தான் புது ரகம். மாங்கொட்டை போட்டால் தாய் மரம் மாதிரியே வராது, இல்லையா? அதே கதைதான். என்றைக்கோ ஒரு கொடியின் மகரந்தம் இன்னொன்றின் பூவிலே சேர்ந்து, விதை முளைத்து, அதை நல்ல கொடி என்று கண்ட யாரோ குச்சி எடுத்து நட்டிருக்க வேண்டும். அதை யார் எழுதி வைத்தார்கள்?

1990-களிலே டி.என்.ஏ. பரிசோதனை திராட்சைக்கும் வந்தது. பிள்ளைக்குப் பாதி தாயிடமிருந்து, பாதி தகப்பனிடமிருந்து வருகிறது. அதை ஒப்பிட்டு உறவைக் கண்டுபிடிக்கிறார்கள். மெர்லோவுக்குத் தகப்பன் காபர்னே பிரான் என்று தெரிந்தது. புகழ்பெற்ற காபர்னே சோவிஞோனுக்கும் அதுவே பெற்றோரில் ஒன்று என்று 1997-ல் தெரிந்துவிட்டது. ஆக, இவை இரண்டும் உடன்பிறப்புகள். மெர்லோவின் தாய் மட்டும் அகப்படவில்லை.

பிரான்ஸின் வடமேற்கே பிரிட்டனி. குளிர்ப் பிரதேசம். அங்கே சேன்-சுல்யாக் என்ற ஊர்ச் சரிவிலே, கைவிடப்பட்ட பழைய தோட்டத்தில் பேர் தெரியாத கறுப்புத் திராட்சைக் கொடி இருந்தது. 1996-ல் அதன் மாதிரியை எடுத்தார்கள். சோதித்தால், அதுதான் மெர்லோவுக்குத் தாய்!

அப்புறம் தெற்கே ஷராந்த் பகுதிக் கிராமங்கள் சிலவற்றிலும் அதே கொடி கிடைத்தது. தோட்டத்திலே இல்லீங்க, வீட்டு வாசலிலே! சீக்கிரமாகப் பழுப்பதால், ஜூலை 22-ல் வரும் மகதலேன் மரியாள் திருநாளின் பேரால் அதை 'மகதலேன் திராட்சை' என்பார்களாம். விஞ்ஞானிகளும் அந்தப் பேரையே வைத்து 'மக்தலேன் நுவார் தே ஷராந்த்' என்றார்கள். நுவார் என்றால் கறுப்பு. 2009-ல் ஆராய்ச்சி வெளியானது. மால்பெக்குக்கும் இதுவே தாய். காயாக் வட்டாரத்துப் புரூனலார் என்ற பழைய ரகம் தகப்பன். ஆக, மெர்லோவும் மால்பெக்கும் ஒரு தாய்ப் பிள்ளைகள்.

இதிலே நாம் யோசிக்க வேண்டியது ஒன்று உண்டு. 1860-களிலிருந்து பில்லோக்செரா என்ற வேர்ப்பூச்சி பிரான்ஸின் திராட்சைத் தோட்டங்களை அழித்தது. அமெரிக்க வேர்ச்செடியிலே ஒட்டுக் கட்டி மறுபடி நட்டபோது, பழைய ரகங்கள் பல விடுபட்டுப் போயின. இந்தத் தாய்க்கொடியைக் காப்பாற்றியது பெரிய தோட்டக்காரர் யாருமில்லை. ஜூலையிலே நாலு பழம் கிடைக்குமே என்று வாசலிலே விட்டுவைத்த குடும்பங்கள்தான். அவர்களும் வெட்டிப் போட்டிருந்தால், மெர்லோவின் வம்சக் கணக்கு பாதியிலேயே நின்றிருக்கும்.

பெற்றோர் எதுவென்று தெரிந்தால், புது ரகம் உண்டாக்குகிறவர் எந்தக் குணம் எங்கிருந்து வந்தது என்று பார்த்துச் சேர்க்கலாம். பேர் தெரியாத பழைய கொடியோ மரமோ உங்கள் வீட்டிலே இருந்தால், கோடாலி எடுக்கும் முன்னே ஒரு குச்சியாவது எடுத்து வேறிடத்தில் நட்டு வையுங்க. அதன் பிள்ளைகள் எங்கே பேரோடு வாழ்கின்றனவோ, யார் கண்டது?