நூறு சைக்கிள்

நம் கல்லூரியின் கட்டடங்களைப் பற்றியும் ஆசிரியர்களைப் பற்றியும் எழுத என்னைவிடத் தகுதியானவர்கள் இந்தச் சங்கத்தில் நிறைய பேர் இருக்கிறார்கள். ஹாஸ்டல் சாம்பாரைப் பற்றி எப்படியும் நாலு பேராவது எழுதியிருப்பார்கள். ஆகவே, "ஏதாவது வரலாற்றுக் கட்டுரையா குடுப்பா" என்று செயலாளர் போனில் கேட்டவுடன், நான் சைக்கிளை எடுத்துக்கொண்டேன். சிவில் படித்துவிட்டு, சாலை டிசைன் செய்து பிழைக்கிறவன் நான். ஒரு சாலையில் சைக்கிளுக்கு இடம் எப்படிக் கிடைக்கிறது, எப்படிக் கிடைக்காமல் போகிறது என்பது ஓரளவு தெரியும். அது ஒரு எண்ணிக்கையின் வரலாறு.

நம் அப்பா, தாத்தா காலத்தில் சைக்கிளுக்கு லைசென்ஸ் உண்டு. பணம் கட்டினால் ஒரு வில்லை தருவார்கள். அதை சைக்கிளில் மாட்டியிருக்க வேண்டும். இரவில் விளக்கு இல்லாமல் போனால் போலீஸ்காரர் நிறுத்துவார். டபுள்ஸ் போனால் டயரில் காற்றைப் பிடுங்கிவிடுவார். ஊர்ப் பெரியவர்களைக் கேட்டால் இதைச் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். ஆனால் அந்தத் தொந்தரவிலும் ஒரு நன்மை இருந்தது. வில்லை கொடுத்த அலுவலகத்தில், தன் ஊரில் எத்தனை சைக்கிள் ஓடுகிறது என்று ஒரு பதிவேடு இருந்தது. வரி போயிற்று, வில்லை போயிற்று, அந்தக் கணக்கும் போயிற்று.

இந்தியச் சாலைகளின் அளவுகளை வகுப்பது 1934-ல் தொடங்கப்பட்ட இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ். அது 1962-ல் சைக்கிள் தடங்களுக்காகவே ஒரு தனிப் புத்தகம் போட்டது. எண் 11. அதில் சொல்லியிருப்பது இதுதான்: ஒரு சாலையில் மணிக்கு 200-க்கு மேல் மோட்டார் வண்டிகள் போகின்றனவா? அப்படியானால் நெரிசல் நேரத்தில் மணிக்கு 100 சைக்கிள் வந்தாலே தனித் தடம் போட நியாயம் உண்டு. தடத்தின் அகலம் குறைந்தது 2 மீட்டர். 2015-ல் இந்தப் புத்தகம் திருத்தி எழுதப்பட்டது. ஆனாலும் என் மனசில் நின்றுவிட்டது அந்தப் பழைய 100தான். ஒரு மணி நேரத்தில் 100 என்றால் நிமிடத்துக்கு இரண்டுகூட இல்லை! 1962-ல் நம் ஊர்களில் எந்த ஆலை வாசலில், எந்தப் பள்ளிக்கூட வாசலில் 100 சைக்கிள் இல்லை? ஆக, தடம் வராமல் போனதற்கு விதி இல்லாதது காரணம் அல்ல.

பிறகு என்ன காரணம்? இங்கே என் தொழிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எந்தச் சாலையை அகலப்படுத்துவதற்கு முன்னும் டிராபிக் கவுண்ட் எடுப்போம். பையன்கள் ஓரமாக உட்கார்ந்து கோடு போட்டு எண்ணுவார்கள். சைக்கிளையும் எண்ணுவார்கள், அதில் குறையில்லை. எண்ணிய பிறகு எல்லா வண்டிகளையும் காராக மாற்றுவோம். ஊர்ப்புறச் சாலைகளுக்கான 1990-ஆம் ஆண்டு கணக்கின்படி கார் 1 என்றால் லாரி 3, சைக்கிள் 0.5, பெரிய மாட்டுவண்டி 8! மாட்டுவண்டிக்கு இத்தனை மரியாதையா என்று நினைத்துவிட வேண்டாம். அந்த வண்டி கார்களுக்கு எவ்வளவு இடைஞ்சல் என்பதன் அளவு அது. 100 சைக்கிள் போனால் ஏட்டில் 50 கார் என்று ஆகி, மொத்தக் கூட்டலில் கரைந்துவிடும். அதன் பின் அந்தச் சாலை நாலு வழியா, ஆறு வழியா என்றுதான் பேச்சு ஓடும். சைக்கிளுக்குத் தடம் வேண்டுமா என்று யாராவது கேட்டால்தான் அந்த 100 மறுபடி வெளியே வரும். கேட்க ஆள் இல்லையென்றால் ஃபைலிலேயே தூங்கும்.

நான் கல்லூரியில் சேர்ந்த 2006-ல் பழைய மகாபலிபுரம் சாலை முழுக்கத் தோண்டிக் கிடந்தது. மழை பெய்தால் பஸ் எங்கே நிற்கும் என்று டிரைவருக்கே தெரியாது. 2008-ல் மத்திய கைலாஷிலிருந்து சிறுசேரி வரை சுமார் 20 கிலோமீட்டருக்கு ஆறு வழிச் சாலை தயாராகி, ராஜீவ் காந்தி சாலை என்ற பெயரோடு சுங்கமும் வந்துவிட்டது. பெருங்குடி முதல் நாவலூர் வரை சுங்கச் சாவடிகள். ஒவ்வொரு காருக்கும் லாரிக்கும் ரசீது. ரசீது இருந்தால் கணக்கு இருக்கும். சைக்கிளுக்குச் சுங்கம் கிடையாது, ஆகவே ரசீதும் இல்லை. 2021-ல் நான்கு சாவடிகளிலும், 2023 அக்டோபரில் நாவலூரிலும் வசூல் நிறுத்தப்பட்டது. அத்தனை வருஷம் அங்கே எண்ணாமல் விடப்பட்டவர்களில், சாவடியின் ஓரமாகத் தலையைக் குனிந்து மிதித்துப் போன கூட்டமும் உண்டு.

எண்ணப்படாத கூட்டம் தன்னைத்தானே எண்ணிக் காட்டிய கதையும் நம் மாநிலத்தில் உண்டு. 1991-ல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் ஆரம்பித்தது. கலெக்டர் ஷீலா ராணி சுங்கத். எழுத்துக் கற்றுக்கொடுக்கப் போகும் பெண் தொண்டர்கள் ஊர் ஊராகப் போக வேண்டும், பஸ் இருக்காது. சைக்கிள் கற்றுக்கொடுங்கள் என்று முடிவாயிற்று. பெண் சைக்கிள் ஓட்டினால் கேலி பேசிய காலம் அது. தனியாகப் போன பெண்ணைக் கேலி செய்யலாம், பத்துப் பேரைக்கூடச் செய்யலாம். 1992-ல் நடந்த சைக்கிள் விழாக்களில் 70,000-க்கும் மேற்பட்ட பெண்கள் ஓட்டிக் காட்டினார்கள் என்று பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதியிருக்கிறார். 70,000 பேரை எவன் கேலி செய்ய முடியும்? லேடீஸ் சைக்கிள் போதாமல் ஜென்ட்ஸ் சைக்கிளையே வாங்கி ஓட்டினார்களாம். சாலைப் பாதுகாப்பு என்று யாரும் அதற்குப் பெயர் வைக்கவில்லை. என் பார்வையில் அது அதேதான். கூட்டமாகப் போகிற சைக்கிளை லாரி டிரைவர் பார்த்தே ஆக வேண்டும்.

இதற்கு இருபது வருஷம் முன்பு நெதர்லாந்தில் வேறு விதமான ஒரு எண்ணிக்கை நடந்தது. "அது சைக்கிள் நாடு சார், நமக்கும் அவங்களுக்கும் என்ன சம்பந்தம்" என்று என் ஆபீஸில் கேட்பவர்கள் உண்டு. அந்த நாடும் 1960-களில் சைக்கிளைக் கைவிட்டு, காருக்காக ஊர்களை இடித்துக்கொண்டிருந்த நாடுதான். 1971-ல் அங்கே சாலை விபத்தில் இறந்தவர்கள் 3,000-க்கு மேல். அதில் 400-க்கு மேல் குழந்தைகள். தன் குழந்தையை அப்படிப் பறிகொடுத்த ஃபிக் லாங்கன்ஹாஃப் என்ற பத்திரிகையாளர் 1972-ல் ஒரு கட்டுரை எழுதினார். "குழந்தைக் கொலையை நிறுத்து" என்று தலைப்பு. அந்தத் தலைப்பே ஓர் இயக்கத்தின் பெயராகிவிட்டது. பெற்றோர்கள் தெருவை மறித்தார்கள். 1973-ல் பெட்ரோல் தட்டுப்பாடு வந்து, ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டக் கூடாது என்று அரசே சொன்னது. காலியான சாலை எப்படி இருக்கும் என்று ஜனங்கள் கண்ணால் பார்த்தார்கள். 1975-ல் சைக்கிள் ஓட்டுவோருக்கென்று தனிச் சங்கம் பிறந்தது. திஹேக், தில்பர்க் நகரங்களில் சோதனைத் தடங்கள் வந்தது அதற்கும் பிறகுதான். முதலில் வந்தது தார் அல்ல, கணக்கும் கோபமும்.

நம் பக்கத்துக் கோயம்புத்தூரில் அந்த வேலையை ஒரு டாக்டர் செய்தார். கங்கா மருத்துவமனையின் எலும்பு, முதுகுத்தண்டு சிகிச்சை நிபுணர் எஸ். ராஜசேகரன். ஆபரேஷன் டேபிளுக்கு வந்த பிறகு தைப்பதோடு நிற்காமல், 2012-ல் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்கு போட்டார். 2014 ஏப்ரலில் நீதிமன்றம் நீதிபதி கே.எஸ். ராதாகிருஷ்ணன் தலைமையில் சாலைப் பாதுகாப்புக் குழுவை அமைத்தது. மாநிலங்கள் வருஷா வருஷம் பதில் சொல்ல வேண்டியதாயிற்று. தமிழ்நாட்டில் 2016-ல் 17,218 பேர் சாலையில் இறந்தார்கள். 2019-ல் அது 10,525. குழு கேள்வி கேட்டதுதான் ஒரே காரணம் என்று சொல்ல மாட்டேன். கேள்வி கேட்காமல் குறைந்திருக்கும் என்றும் நம்ப மாட்டேன். 2022-ல் மறுபடி 17,884-க்கு ஏறிவிட்டது என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். அதே வழக்கில் 2025 அக்டோபரிலும் உத்தரவு வந்தது. பாதசாரிகளுக்கும், மோட்டார் இல்லாத வண்டிகளுக்கும் விதிகள் வகுக்க மாநிலங்களுக்கு ஆறு மாதம் கெடு. 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தில் சாலை டிசைன் தரக்குறைவுக்கு இன்ஜினியர், கான்ட்ராக்டர் மீது ஒரு லட்சம் வரை அபராதம் போடவும் இடம் உண்டு. எங்கள் ஆபீஸில் அந்தப் பிரிவை யாரும் சத்தமாகப் படிப்பதில்லை!

சென்னை மாநகராட்சியும் சும்மா இருக்கவில்லை. 2014-ல் மோட்டார் இல்லாப் போக்குவரத்துக்கென்று ஒரு கொள்கையை ஏற்றது, இந்தியாவிலேயே முதல் நகரமாக. போக்குவரத்துச் செலவில் 60 சதவீதமாவது நடப்போருக்கும் சைக்கிளுக்கும் என்றது. 2018-க்குள் பாதசாரி, சைக்கிள்காரர் சாவு ஒன்றுகூட இல்லாத நிலை என்று இலக்கு வைத்தது. 2018 வந்தது, போயிற்று. நடைபாதைகள் பல இடங்களில் நிஜமாகவே நன்றாக வந்தன, பாண்டி பஜாரைப் போய்ப் பாருங்கள். சைக்கிளுக்குக் கிடைத்தது குறைவு. அந்தக் கொள்கைக்கு ஓர் எல்லையும் உண்டு. மாநகராட்சி செம்மஞ்சேரியோடு முடிகிறது. நாவலூர், சிறுசேரி, படூர் எல்லாம் செங்கல்பட்டு மாவட்டத்து ஊராட்சிகள். தாம்பரம் 2021-ல் தனி மாநகராட்சி ஆயிற்று, அதற்கு வேறு கணக்கு. சாலை ஒன்றுதான், சைக்கிள்காரனும் ஒருவன்தான். செம்மஞ்சேரி தாண்டியதும் அவனுக்குக் கொள்கை கிடையாது.

அந்தச் சைக்கிள்காரன் யார்? சிறுசேரி சிப்காட் வாசலில் ஷிஃப்ட் மாறுகிற நேரத்தில் நின்று பாருங்கள். செக்யூரிட்டி, ஹவுஸ்கீப்பிங், கேன்டீன் ஆட்கள், ஒடிசா, பீகாரிலிருந்து கட்டட வேலைக்கு வந்த பையன்கள். நம் ஹாஸ்டல் வாட்ச்மேன் அண்ணன்களும் அப்படி வந்தவர்கள்தான். பாதிப் பேர் எதிர்த் திசையில் வருவார்கள். "ராங் சைடுல வர்றாங்க, அதான் அடிபடுறாங்க" என்று சொல்வது சுலபம். யூ-டர்ன் எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட்டுச் சொல்ல வேண்டும். எதிரே தெரிகிற கேட்டுக்குப் போக, மிதிக்கிறவனை ஒரு கிலோமீட்டருக்கு மேல் சுற்றச் சொல்கிற சாலையில் தப்பு வரைபடத்தில் இருக்கிறது, வண்டியில் இல்லை.

இன்னொரு சைக்கிள்காரரும் இங்கே உண்டு. ஞாயிறு காலை இருட்டோடு கிளம்பி ஹெல்மெட், பின்விளக்கு சகிதம் மாமல்லபுரம் வரை போய் வருகிறவர். நம் பழைய மாணவர்களிலேயே பலர் அப்படி. இவர்கள் கடிதம் எழுதினால் பத்திரிகையில் வரும், அதிகாரி கூப்பிட்டுப் பேசுவார். ஆனால் ஞாயிறு காலையில் எண்ணினால் கூட்டம் சேராது. முதல் ஆட்கள் சேர்ந்தால் எண்ணிக்கை சேரும், எழுத நேரமும் தைரியமும் சேராது. புதுக்கோட்டையில் படித்த தொண்டரும் படிக்காத பெண்ணும் ஒரே சைக்கிளைப் பிடித்துக்கொண்டு ஓடினார்கள். இங்கே இந்த இரண்டு பேரும் ஒரே சாலையில் ஒருவரையொருவர் பார்த்ததே இல்லை.

இதை ஏன் இப்போது எழுதுகிறேன் என்றால், மாதவரத்திலிருந்து சிறுசேரி சிப்காட் வரை வருகிற மெட்ரோவுக்காக இந்தச் சாலை கூறுபோடப்பட்டது. வேலை முடிகிற இடமெல்லாம் திரும்பப் போட்டே ஆக வேண்டும். திரும்பப் போடுவதற்கு முன்னால் யாரோ ஒரு இன்ஜினியர் குறுக்குவெட்டு வரைபடம் ஒன்று போடுவார். அந்தத் தாளில் 2 மீட்டர் சேர்ப்பது பென்சில் வேலை. கையெழுத்தாகி டெண்டர் விட்ட பிறகு அதே 2 மீட்டருக்கு ஈ.பி. கம்பத்தை நகர்த்த வேண்டும், வடிகாலை நகர்த்த வேண்டும், எஸ்டிமேட்டைத் திருத்த வேண்டும். அப்புறம் "அடுத்த தடவை பார்க்கலாம்" என்ற பதில்தான் வரும்.

சந்திப்புக்கு வருகிறவர்களிடமும், இப்போது மூன்றாம் ஆண்டு, நான்காம் ஆண்டு படிக்கிற தம்பி தங்கைகளிடமும் நான் கேட்பது இரண்டு மாலை நேரங்கள். சிப்காட் திருப்பத்தில் ஒரு குழு, நாவலூரில் ஒரு குழு. வேலை நாளாக இருக்க வேண்டும், மழை இல்லாத நாளாக இருக்க வேண்டும், ஐந்து மணியிலிருந்து எட்டு வரை. சர்வீஸ் ரோட்டில் போகிறவர், எதிர்த் திசையில் வருகிறவர், தள்ளிக்கொண்டு போகிறவர், எல்லோரையும் தனித்தனிக் கோடாகப் போட வேண்டும், யாரையும் 0.5 ஆக்கக் கூடாது. விளக்கு இருக்கிறதா என்று ஒரு கட்டம். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு சைக்கிள் ஸ்டாண்டுப் பக்கம் இருப்பேன். படிவம் அச்சடித்துக் கொண்டு வருகிறேன், பேனா மட்டும் அவரவர் கொண்டு வாருங்கள்.