புங்குடுதீவு வணிகர்கள்

புங்குடுதீவு வணிகர்கள் என்போர் யாழ்ப்பாணத் தீவகத்தைச் சேர்ந்த புங்குடுதீவிலிருந்து புறப்பட்டு, இருபதாம் நூற்றாண்டில் கொழும்பிலும் தென்னிலங்கை நகரங்களிலும் கடை வைத்து முன்னேறியவர்கள். கைமுதல் இல்லாமல் கடைப்பொடியனாகச் சேர்ந்து, பங்காளியாகி, பிறகு முதலாளியானவர்கள் இவர்களில் பலர். உழைத்தது வெளியூரில் என்றாலும் பேர் எடுக்க வேண்டிய இடம் ஊர்தான் என்பது இவர்களிடையே எழுதப்படாத சட்டம். தீவின் கோயில்கள், பள்ளிக்கூடங்கள், கேணிகள், கிணறுகள், மடங்கள் ஆகியவற்றில் பெரும்பங்கு இந்த வணிகர் பணத்தால் எழுந்தது. காரைநகர், வேலணை, நயினாதீவு, நெடுந்தீவு முதலிய ஊர்களிலும் இத்தகைய வணிக மரபு உண்டு.

தீவும் பிழைப்பும்

வேலணைக்கும் நயினாதீவுக்கும் இடையே அமைந்தது புங்குடுதீவு. தீவகத்தைப் பிடித்த ஒல்லாந்தர் ஒவ்வொரு தீவுக்கும் தம் நாட்டு நகரப் பெயர் ஒன்றைச் சூட்டியபோது இதற்கு மிடில்பேர்க் என்று பெயரிட்டார்கள். நெடுந்தீவுக்கு இட்ட டெல்வ்ற் என்ற பெயர் இன்றும் ஆங்கிலத்தில் வழங்குகிறது. மிடில்பேர்க் ஏட்டோடு நின்றுவிட்டது. தீவு பன்னிரண்டு வட்டாரங்களாகப் பிரிக்கப்பட்டது. மடத்துவெளி, ஊரதீவு, இறுப்பிட்டி, பெருங்காடு, வல்லன், குறிகட்டுவான் ஆகியவை அதன் அறியப்பட்ட குறிச்சிகள். நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலுக்கும் நெடுந்தீவுக்கும் போகிறவர்கள் படகு ஏறுவது குறிகட்டுவான் துறையில்.

வடகீழ்ப் பருவமழையை நம்பி ஒரு போகம் நெல் விளையும். மழை பிழைத்தால் அதுவும் இல்லை. சுண்ணக்கல் நிலமாதலால் மழைநீர் உள்ளே இறங்கி, அடியிலுள்ள உவர்நீரின்மேல் மெல்லிய படையாகத் தங்குகிறது. அளவுக்கு மேல் இறைத்தால் கிணறு உவராகிவிடும். ஆகவே நன்னீர்க் கிணறு இருக்கும் இடம் ஊரில் மதிப்பான இடம். தண்ணீருக்காகக் குடத்தோடு தொலைதூரம் நடப்பது பெண்களின் அன்றாட வேலை. பனையிலிருந்து ஒடியல், புழுக்கொடியல், பனங்கட்டி, பாய், கடகம் என்று பலதும் கிடைத்தன. கடலில் மீன் கிடைத்தது. ஆனால் கூடிவரும் குடும்பங்களுக்கு இவை போதவில்லை. காணியைப் பிள்ளைகளுக்குப் பங்கிட்டுக் கொடுக்கக் கொடுக்க ஆளுக்கு எஞ்சியது சிறு துண்டுதான். வயல் பார்க்க ஒரு மகன் போதும். மற்றவர்கள் வெளியே போகத்தான் வேண்டும்.

புறப்பாடு

ஊர்காவற்றுறை சுங்கமும் பாய்க்கப்பல் போக்குவரத்தும் உள்ள துறைமுகமாக இருந்ததால் கடல் கடந்து பொருள் தேடுவது தீவகத்தாருக்குப் புதிதல்ல. 1905இல் வடக்குப் புகையிரதப் பாதை கொழும்பையும் காங்கேசன்துறையையும் முழுமையாக இணைத்தபின் தெற்குப் பயணம் எளிதாயிற்று. படகிலும் வண்டியிலும் யாழ்ப்பாணம் வந்து இரவு வண்டி ஏறினால் மறுநாள் கொழும்பு.

ஆங்கிலம் படித்த யாழ்ப்பாணத்தார் பலர் அதே காலத்தில் மலாயாவுக்குப் புகையிரதப் பகுதியிலும் அரசாங்கக் கந்தோர்களிலும் எழுதுவினைஞர் வேலைக்குப் போனார்கள். ஆங்கிலப் பள்ளிக்கூடத்தை எட்டாத தீவுப் பிள்ளைகளுக்குக் கடைதான் கிடைத்த வழி. அதற்குச் சான்றிதழ் வேண்டாம். கணக்குத் தெரிந்தால் போதும், ஊரவர் ஒருவரின் சிபாரிசு இருந்தால் போதும்.

தொடக்கத்தில் அவர்களுக்குக் கைகொடுத்த சரக்கு புகையிலை. யாழ்ப்பாணப் புகையிலைக்கு நெடுங்காலம் திருவிதாங்கூரே பெரிய சந்தை. அந்தச் சந்தை ஒடுங்க ஒடுங்க, சுருட்டுக்குத் தென்னிலங்கைச் சிங்களக் கிராமங்களில் கிராக்கி ஏறியது. சுருட்டும் புகையிலையும் விற்கப் போனவர்கள் அங்கேயே கடை போட்டார்கள். சுருட்டுக்கடை நாளடைவில் பலசரக்குக் கடையாகும். பக்கத்தில் ஒரு தேத்தண்ணிக் கடை எழும்பும். அது வளர்ந்து சைவச் சாப்பாட்டுக் கடையாகும். கொழும்பில் புறக்கோட்டை, மருதானை, வெள்ளவத்தை ஆகிய இடங்களிலும், வெளியே கண்டி, குருநாகல், காலி, மாத்தறை, இரத்தினபுரி, பதுளை போன்ற நகரங்களிலும் தீவகத்தார் கடைகள் இருந்தன.

கடைப்பொடியனிலிருந்து முதலாளிவரை

முன்னேற்றத்துக்கு ஏறக்குறைய வகுத்த படிகள் இருந்தன. எழுத வாசிக்கவும் வாய்ப்பாடு சொல்லவும் பழகிய பையனை உறவினர் ஒருவர் கொழும்புக்குக் கூட்டிப்போய்க் கடையில் சேர்ப்பார். விடியுமுன் எழுந்து பலகைக் கதவுகளைக் கழற்றி அடுக்குவதில் அவன் நாள் தொடங்கும். இலக்கம் போட்ட அந்தப் பலகைகளை இரவு அதே ஒழுங்கில் தவாளிப்பில் இறக்கிப் பூட்டுவதோடு முடியும். இடையில் கூட்டல், மஞ்சள் தண்ணீர் தெளித்தல், சாமிப்படத்துக்குச் சாம்பிராணி காட்டல், சரை சுற்றல், நிறுத்தல், மூட்டை இறக்கல். சாப்பாடு கடையில், படுக்கை கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் விரித்த பாயில்.

சம்பளத்தை மாதாமாதம் கையில் கொடுக்காமல் முதலாளியின் பேரேட்டில் வரவு வைப்பது பரவலான வழக்கம். ஊருக்குப் போகும்போதோ, சகோதரியின் கலியாணத்தின்போதோ அது மொத்தமாகக் கைக்கு வரும். இதில் இரு பக்கமும் இருந்தது. பையனின் பணம் வீணாகாமல் சேர்ந்தது. அதேவேளை அவன் நினைத்தபோது வேறு கடைக்கு மாற முடியாமலும் போனது.

சிங்களம் பேசக் கற்பது அடுத்த படி. வாடிக்கையாளரின் ஊர், குடும்பம், கடன் எல்லாம் தெரிந்தவனே நல்ல விற்பனையாளன். கிராமத்தவர் அறுவடைவரை கடனுக்கு வாங்கினார்கள். கொப்பியில் எழுதிய கணக்கும் நேர் அறிமுகமுமே அதற்குப் பிணை. கடையின் நாளாந்த நடப்பைத் தனியே பார்க்கும் அளவுக்கு ஒருவன் தேறியதும், அவனுடைய சேமிப்பையும் உழைப்பையும் மூலதனமாக எடுத்துக்கொண்டு பங்காளியாகச் சேர்ப்பார்கள். அல்லது வேறொரு நகரில் கிளை திறந்து அவனை அனுப்புவார்கள். சொந்தக் கடை திறந்ததும் அவனும் ஊரிலிருந்து பையன்களை அழைப்பான். ஒரு கடை பல கடைகளைப் பெற்றது இப்படித்தான்.

குடும்பம் ஊரிலேயே இருந்தது. பங்காளிகள் முறைவைத்து ஊருக்குப் போய்வருவார்கள். ஒருவர் கடையில் நிற்க மற்றவர் வயலையும் வீட்டையும் கவனிப்பார். கோயில் கொடியேற்றத்துக்கும் சித்திரைக்கும் எப்படியாவது வந்து சேர்ந்துவிடுவார்கள். ஆண்கள் இல்லாத மாதங்களில் காணி, வழக்கு, பிள்ளைகளின் படிப்பு, கொடுக்கல் வாங்கல் எல்லாவற்றையும் நடத்தியவர்கள் பெண்கள். கடைக்கணக்கில் அவர்கள் பெயர் வருவதில்லை என்றாலும், கடைக்கு முதல் போட அடகு வைத்ததும் விற்றதும் பெரும்பாலும் அவர்களின் நகைதான்.

பிற வணிகரோடு ஒப்பீடு

கொழும்பின் வணிகத்தில் நாட்டுக்கோட்டைச் செட்டியார், போறாக்கள், மேமன்கள், சிந்திகள் ஆகியோர் முன்னமே வேரூன்றியிருந்தார்கள். செட்டியாரின் முதன்மைத் தொழில் வட்டிக்கடை. ஊரிலுள்ள முதலாளி, மூன்றாண்டுத் தவணைக்கு முகவரை அனுப்பிக் கிட்டங்கியை நடத்துவார். தீவகத்தாருக்கு அந்த அளவு முதலும் இல்லை, அத்தகைய நிலையான நிறுவன அமைப்பும் இல்லை. அவர்கள் இறங்கியது சில்லறை வியாபாரத்திலும் சாப்பாட்டுக் கடையிலும். அவற்றில் நாளாந்தப் புழக்கமே மூலதனம். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டமும் குடிவரவுச் சட்டமும் இந்திய வம்சாவளி வணிகரை நெருக்கியபோது, இலங்கைக் குடிகளான தீவகத்தாரை அந்த நெருக்கடி தொடவில்லை. சுதந்திரத்துக்குப் பிந்திய ஆண்டுகள் அவர்களுக்கு வளர்ச்சிக் காலம். சில்லறைக் கடையிலிருந்து மொத்த வியாபாரத்துக்கும் இறக்குமதிக்கும் உயர்ந்தவர்கள் தோன்றியது அப்போதுதான்.

ஊருக்குச் செய்தவை

கொழும்பில் எத்தனை கடை என்பதை ஊர் கணக்கில் எடுப்பதில்லை. எந்தக் கோயிலில் எந்தத் திருவிழா அவருடையது என்றுதான் கேட்கும். ஆண்டுத் திருவிழாவின் ஒவ்வொரு நாளும் ஒரு குடும்பத்தின் உபயம். கோபுரம், மணிக்கூடு, தேர், வாகனம், தீர்த்தக்கேணி, அன்னதான மடம் என்று வணிகர் பணம் கோயில்களுக்குப் பாய்ந்தது. கடற்கரையிலுள்ள கண்ணகி அம்மன் கோயிலும் மடத்துவெளி முருகன் கோயிலும் ஊரின் பெரிய கோயில்கள்.

கல்வி அடுத்தது. 1923இல் தொடங்கிய சைவ வித்தியா விருத்திச் சங்கம் வடபகுதியெங்கும் பாடசாலைகளை நடத்தியது. ஊர்ப்பெரியவர்கள் காணி கொடுத்தும் கட்டிடம் எழுப்பியும் ஆசிரியரைத் தங்கவைத்தும் அதற்குத் துணை நின்றார்கள். தாம் இடையில் விட்ட படிப்பைத் தம் பிள்ளைகள் முடிக்க வேண்டும் என்ற வைராக்கியம் அதில் இருந்தது. 1945இல் இலவசக் கல்வி வந்தது. 1960, 1961ஆம் ஆண்டுச் சட்டங்களின் கீழ் உதவி பெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றது. நிர்வாகம் கைமாறியபோதும் கட்டிட நிதியும் பரிசுநிதியும் வணிகரிடமிருந்து தொடர்ந்து வந்தன. புங்குடுதீவு மகா வித்தியாலயம், கமலாம்பிகை வித்தியாலயம், சுப்பிரமணிய மகளிர் வித்தியாலயம் ஆகியவற்றில் படித்தவர்கள் ஆசிரியர்களாகவும் மருத்துவர்களாகவும் பொறியியலாளர்களாகவும் ஆனார்கள். அதனால் கடையைப் பொறுப்பேற்க அடுத்த தலைமுறையில் ஆள் குறைந்தது.

ஊருக்குக் கிடைத்தவற்றில் அன்றாட வாழ்க்கையை மிகுதியாக மாற்றியது தாம்போதி. வேலணையோடு தீவை இணைக்கும் கடல்வழிச் சாலையை ஊரார் வாணர் பாலம் என்கிறார்கள். பெரியவாணர், சின்னவாணர் என்று அழைக்கப்பட்ட அம்பலவாணர் சகோதரர்கள் அதற்காகப் பாடுபட்டதால் வந்த பெயர் அது. அதற்குமுன் நோயாளியையும் மூட்டையையும் வள்ளத்தில்தான் ஏற்ற வேண்டும். பாலம் வந்தபின் யாழ்ப்பாணத்துக்கு நேரே பஸ் போனது.

அறத்தின் எல்லை

கொடையும் சாதி வரம்பைத் தாண்டவில்லை. திருப்பணி செய்யப்பட்ட கோயில்களும் வெட்டப்பட்ட கிணறுகளும் ஊரிலுள்ள எல்லோருக்கும் திறந்திருக்கவில்லை. 1957ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் பொது இடங்களில் தீண்டாமையைக் குற்றமாக்கியபின்னும் நடைமுறை மெல்லத்தான் அசைந்தது. எழுத்தாளரும் ஆசிரியருமான மு. தளையசிங்கம் (1935–1973) புங்குடுதீவைச் சேர்ந்தவர். கண்ணகி அம்மன் கோயில் நன்னீர்க் கிணற்றில் ஒடுக்கப்பட்ட மக்களும் தண்ணீர் அள்ள வேண்டும் என்று 1971இல் அவர் சத்தியாக்கிரகம் நடத்தி, காவல்துறையின் தாக்குதலுக்கு உள்ளானார். கவிஞர் சு. வில்வரத்தினமும் தளையசிங்கத்தின் தம்பி மு. பொன்னம்பலமும் அவருடைய சர்வோதயச் சிந்தனை வட்டத்தைச் சேர்ந்தவர்கள். செல்வரின் தருமத்தால் எழுந்த ஊரே அந்தத் தருமம் யாருக்கு என்ற கேள்வியையும் எழுப்பியது.

கலவரங்களும் சரிவும்

சிங்களப் பகுதிகளில் சிதறியிருந்த தனித்தனிக் கடைகள் கலவர காலத்தில் முதல் இலக்காயின. 1956இல் தனிச்சிங்களச் சட்டம் வந்தது; 1958 மே மாதக் கலவரத்தில் தமிழர் கடைகள் சூறையாடப்பட்டன. அகதிக் கப்பலில் ஊர் திரும்பியவர்களில் பலர் சில மாதங்களில் மறுபடியும் போய்க் கடை திறந்தார்கள். 1977இலும் அதுவே நடந்தது. 1983 ஜூலையில் அழிவு வேறு அளவில் வந்தது. புறக்கோட்டையிலும் பிற நகரங்களிலும் தமிழர் கடைகள் பட்டியல் பார்த்து எரிக்கப்பட்டன. ஒரு தலைமுறையின் முதல், கொப்பிக் கடன், சரக்கு எல்லாம் சில நாளில் சாம்பலாயின. பாதிக்கப்பட்ட சொத்துக்கள் அவசரகால விதிகளின் கீழ் அரசின் பொறுப்பில் கொண்டுவரப்பட்டதால், எரிந்த கடையை உடனே திருத்திக் கட்டவும் வழியில்லை.

ஊரும் பாதுகாப்பாக இருக்கவில்லை. 1985 மே 15இல் நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்கு வந்துகொண்டிருந்த குமுதினிப் படகில் பயணிகள் கொல்லப்பட்டார்கள். 1990களின் தொடக்கத்தில் இராணுவ நடவடிக்கைகளால் தீவக மக்கள் பெருந்தொகையாகக் குடாநாட்டுக்கும் வன்னிக்கும் வெளிநாடுகளுக்கும் பெயர்ந்தார்கள். கடைப்பணத்தில் கட்டிய கல்வீடுகள் கூரையின்றிப் பாழடைந்தன.

புலம்பெயர்ந்தபின்

கனடா, சுவிற்சர்லாந்து, பிரான்ஸ், பிரித்தானியா, ஜேர்மனி ஆகிய நாடுகளில் குடியேறிய புங்குடுதீவு மக்கள் பழைய முறையை அங்கும் கொண்டுபோனார்கள். முதலில் உணவகச் சமையலறையில் கோப்பை கழுவுதல்; பிறகு சீட்டுக் கட்டிச் சேர்த்த முதலில் ஒரு கடை. பாரிஸின் லா சப்பல் பகுதியிலும் ரொறன்ரோவின் ஸ்காபரோவிலும் உள்ள தமிழ்க் கடைத்தெருக்களில் தீவகத்தாருக்குப் பங்கு உண்டு. நாடுதோறும் ஊர்ச் சங்கங்களும் பழைய மாணவர் சங்கங்களும் அமைந்து, கோயில் திருப்பணிக்கும் பாடசாலைக்கும் குடிநீருக்கும் பணம் திரட்டுகின்றன. முன்பு தனியொரு முதலாளி தன் பெயரில் செய்ததை இப்போது சங்கம் செய்கிறது. செலவுக் கணக்கைப் பொதுக்கூட்டம் கேட்கிறது. ஆனால் நிதி வரும் வேகத்தில் ஆட்கள் திரும்பிவரவில்லை. புதுப்பித்த கோயில்களில் திருவிழாக் கூட்டம் கலைந்தபின் பூசைக்கு நிற்பவர்கள் சிலரே. பாடசாலைகளிலும் பிள்ளைகள் குறைவு.

வரலாற்று ஆவணங்கள்

இவ்வணிகரில் தன்வரலாறு எழுதியவர்கள் அரிது. அவர்களைப் பற்றிய முதன்மைச் சான்று, இறந்த முப்பத்தோராம் நாளில் குடும்பத்தார் அச்சிட்டு வழங்கும் கல்வெட்டு எனப்படும் நினைவு மலர். பிறந்த வட்டாரம், பெற்றோர், முதலில் வேலைக்கு நின்ற கடை, பின்னர் திறந்த கடை, செய்த திருப்பணி, பிள்ளைகள் குடியிருக்கும் நாடுகள் எல்லாம் அதில் வரிசையாக வரும். புகழ்ச்சியைக் கழித்துவிட்டுப் படித்தால், யார் யாருடைய கடையில் தொழில் பழகினார் என்ற தொடரையே அவற்றிலிருந்து எழுதிவிடலாம். ஈழத்து நூல்களை மின்னாக்கம் செய்யும் நூலகம் திட்டம் 2005 முதல் இத்தகைய மலர்களையும் சேகரித்து வருகிறது. கடைக் கணக்குப் பேரேடுகள் பெரும்பாலும் 1983இல் எரிந்துவிட்டதால், தீவக வணிகத்தின் வரலாற்றை எழுத முனைவோர் முதலில் புரட்ட வேண்டியவை இந்த மலர்களும் கோயில் உபய விவரங்களும் பாடசாலை ஆண்டுமலர்களின் விளம்பரப் பக்கங்களுமே.