ஆலைச் சங்கும் அடுக்களையும்

தாது ஆண்டுப் பஞ்சம் (1876-78) செங்கற்பட்டுச் சீமையை வாட்டியது. சிங்கப்பெருமாள் கோயில் வட்டாரம் போன்ற ஏரிப்பாசன ஊர்களில் ஏரி வறண்டால் முதலில் அணைவது கூலிக்குடியின் அடுப்பே. பக்கிங்காம் ஆலை சென்னைப் பெரம்பூரில் தோன்றியதும் 1876இல்தான். கருநாடக ஆலை 1881இல் எழுந்தது. செங்கற்பட்டு மாவட்டத்திலிருந்து அங்குச் சென்ற குடும்பங்கள், மழையை நோக்கியிருந்த வாழ்வை விட்டு ஆலைச் சங்கொலிக்குக் கட்டுப்பட்டன. 1881ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் ஏழு வயது நிரம்பாதோரை விலக்கியது. பன்னிரண்டு வயதுக்குட்பட்ட சிறார்க்கு நாளொன்றுக்கு ஒன்பது மணி நேர வேலை என வரையறுத்தது. ஒன்பது மணி நேரம்! அதுவே சலுகையாம். லங்காஷயர் ஆலை முதலாளிகளின் வற்புறுத்தலும் அச்சட்டத்தின் பின்னே இருந்தமையால், இரக்கம் ஒன்றையே காரணமாகக் கொள்ளவியலாது. வளர்ந்தோர்க்கோ வரம்பேதுமில்லை, தந்தையின் பகல் முழுதும் ஆலைக்கே உரியதாயிற்று. 1918 ஏப்ரல் 27இல் பி.பி. வாடியாவைத் தலைவராகக் கொண்டு சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவான வேளையில், தொழிலாளர் முன்வைத்த குறைகளுள் ஒன்று, நண்பகலில் உண்பதற்கு நேரம் போதவில்லை என்பது.